நிமிராத கிளை

வியாகுலம் என்பவர் எங்கள் ஆசிரமத்து அம்மாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அம்மா பதிலை அன்றைக்கே சொல்லிவிட்டார். அது இவர் காதில் ஏற அடுத்த கிறிஸ்துமஸ் வர வேண்டியிருந்தது.

நான் இந்த ஆசிரமத்தில் அடுப்படி பார்க்கிறவள். பெயர் செலின். எனக்கு ஞானமெல்லாம் தெரியாது. யார் வயிறாரச் சாப்பிட்டார்கள், யார் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனார்கள் என்பது தெரியும். அதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் ஆசிரமம். நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறவருக்கு எங்களில் பலரைவிட வயது குறைவு. வியாகுலத்துக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் அறுபது தாண்டிய அந்த மனிதர் அவர் முன்னால் கைகட்டித்தான் நிற்பார். அம்மா அவரை ‘அண்ணே’ என்பார்.

இங்கே சேர வருகிறவர்கள் வந்ததும் ஒரு செடி வைக்க வேண்டும். நான் வைத்தது கறிவேப்பிலை. வேறென்ன வைப்பேன்? ஒருவர் மா வைத்திருக்கிறார், ஒருவர் பாக்கு, ஒருவர் கலர் கலராக குரோட்டன்ஸ். கிறிஸ்துமஸுக்குக் கடையிலிருந்து ஜிகினாத் தாளோ பிளாஸ்டிக் தோரணமோ வாங்க மாட்டோம். எல்லாம் தோட்டத்து இலைதழைதான். கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர் ஒவ்வொரு செடி வைத்தவரிடமும் போய், “உம்ம செடியில ஒரு கொத்து தருவீரா?” என்று கேட்பது இங்கத்து வழக்கம். யாரும் தரமாட்டேன் என்று சொன்னதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

வருஷா வருஷம் குடில் கட்டியவர் இஞ்ஞாசி. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனுஷனுக்கு ஜோடனை வேலை சுத்தமாக வராது. மூங்கில் சிம்பை வளைத்து நட்சத்திரம் கட்டுவார், ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாக நிற்கும். மாவிலைத் தோரணம் ஒரு பக்கம் தொங்கும், ஒரு பக்கம் கழுத்தை நெரிக்கும். ஆனால் எல்லாரிடமும் கேட்டுக் கேட்டு வாங்குவார். என்னிடம் வந்து கறிவேப்பிலை கேட்பார்.

“குடிலுக்கு எதுக்குய்யா கறிவேப்பிலை? பாலன் இயேசு ரசம் வைக்கவா போறாரு?”

“நீ வச்ச செடில்லா செலின். உனக்க பங்கு வேண்டாமா?”

அப்படி ஒரு ஆள்.

வியாகுலம் வந்து சேர்ந்தது பிறகுதான். நாகர்கோவிலில் கல்யாண மண்டபங்களுக்கு மணவறை ஜோடித்தவர். இலையைப் பார்த்தாலே கை பரபரக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு வளைந்த கத்தி. இஞ்ஞாசியின் நட்சத்திரத்தைப் பார்த்து, “ஓய், இது நட்சத்திரமா, நொண்டி நண்டா?” என்று முதல் வருஷமே கேட்டுவிட்டார். இஞ்ஞாசியும் சேர்ந்துதான் சிரித்தார். ஆனால் அடுத்த வருஷமும் அவரே கட்டினார். வியாகுலத்துக்கு அது பொறுக்கவில்லை. கையில் வித்தை இருக்கிறவனை உட்கார வைத்துவிட்டு இந்த மனுஷன் கட்டுகிறாரே என்று என்னிடமே புலம்பியிருக்கிறார்.

அதற்கும் அடுத்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் இஞ்ஞாசிக்குக் குடலிறக்கம் முற்றி, டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுக்கப் போட்டார்கள். குடில் வேலை வியாகுலம் கைக்கு வந்தது.

மனுஷன் பம்பரமாகச் சுழன்றார். எல்லாரிடமும் போய்க் கேட்டார். என்னிடமும் கேட்டார். மாவிலையும் பாக்குப் பூவும் பெரணியும் குவிந்தன. காட்டுக்கொடியை வட்டமாக வளைத்து, அதில் குரோட்டன்ஸ் இலைகளை வாழைநாரால் நெருக்கிக் கட்டி, ஆசிரமத்துக் கோயில் வாசலுக்கு ஒரு வளையம் செய்தார். ஐயோ, என்ன அழகு! தென்னோலையைக் கிழித்துக் கிளி செய்தார். கிணற்றடிப் பாசியைச் சுரண்டி வந்து குடிலுக்குப் புல்வெளி விரித்தார்.

எல்லாம் ஆகியும் அவருக்கு நிறைவில்லை. குடிலுக்குப் பின்னால் ஓங்கி நிற்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றார். ஜோடனைக்காரர்களுக்குக் கொண்டைதான் கண்ணில் படும். எந்தச் செடியிலும் நுனிக் குருத்துதான் இளசு, அதற்குத்தான் வடிவு. இத்தனை வருஷம் அப்படியே வெட்டிப் பழகிய கை.

தோட்டத்தின் மேற்கு மூலையில் இஞ்ஞாசி வைத்த கிறிஸ்துமஸ் மரம் நின்றது. இரண்டு ஆள் உயரம். அடுக்கடுக்காகக் கிளை விரித்து, உச்சியில் ஒரே ஒரு கூம்பு நேராக மேலே பார்த்துக்கொண்டு நிற்கும்.

வியாகுலம் ஏணியை எடுத்துக்கொண்டு போனார். கொண்டையை மூன்று அடுக்கோடு சேர்த்து வெட்டி இறக்கினார்.

கோயிலுக்குள் அதைக் கொண்டுவந்து நிறுத்தி, மேலே நட்சத்திரத்தை வைத்தபோது நாங்கள் எல்லாரும் கை தட்டினோம். அது யாருடைய மரம் என்று தெரிந்தும் நானும்தான் தட்டினேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அம்மா வந்து பார்த்தார்.

“இது இஞ்ஞாசியண்ணே மரமா?”

“ஆமாம்மா.”

“கேட்டீங்களா?”

“ஆஸ்பத்திரியில கிடக்கிறவர்ட்ட எப்படிம்மா கேக்க? வந்து பாத்தா சந்தோஷப்படுவாரு. மரம்னா வெட்டினா துளுக்கத்தானே செய்யும்?”

அம்மா வெளியே போய் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் இஞ்ஞாசி ஆட்டோவில் வந்து இறங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். நேராக அறைக்குப் போகாமல் மேற்கு மூலைக்குப் போனார். நான் காப்பி டம்ளரோடு பின்னாலேயே போனேன். மரம் தலையில்லாமல் நின்றது. அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். காப்பியை நீட்டினேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

பிறகு கோயிலுக்குள் வந்தார். வியாகுலம் வேட்டியை இறக்கிவிட்டு ஆவலாக எழுந்து நின்றார். இஞ்ஞாசி குடிலைப் பார்த்தார், பின்னால் நின்ற கொண்டையைப் பார்த்தார்.

“நல்லா செஞ்சிருக்கீரு வே,” என்றார். “எனக்கு இப்படி வராது.”

சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். ராத்திரி கஞ்சியும் குடிக்கவில்லை.

வியாகுலம் அடுப்படிக்கு வந்து, “என்ன செலின், மூஞ்சியே சரியில்லையே அவருக்கு? வயித்து வலியா?” என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “உமக்குத் தெரியாதா? அந்தச் செடி அவர் பெண்டாட்டி வாங்கினது. கிறிஸ்துமஸுக்குன்னு சின்னத் தொட்டியில வாங்கிட்டு வந்தாளாம். அந்தக் கிறிஸ்துமஸ் வர்றதுக்கு முன்னாலயே அவ போய்ச் சேர்ந்துட்டா. வீட்டை மகன்கிட்ட விட்டுட்டு வரும்போது இவர் எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதான். இன்னொண்ணும் கேட்டுக்கிடும். அந்த ஜாதி மரத்துல கொண்டை போனா போனதுதான். அவரே சொல்லியிருக்காரு. இனி அது நேரா வளராது.”

வியாகுலம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பூசை முடிந்ததும் அவர் அம்மாவிடம் போனார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

“தப்புப் பண்ணிட்டேன்மா. இப்ப நான் அவருக்கு என்ன செய்யணும்?”

அம்மா அவர் இடுப்பிலிருந்த கத்தியைப் பார்த்தார். கையை நீட்டினார். வியாகுலம் புரியாமல் எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை ஜன்னல் மேல் வைத்தார்.

“போய்ப் பேசுங்க.”

“வெறுங்கையோடயா?”

“ஆமா.”

“அது எப்படிம்மா? அவர் இழந்தது எம்புட்டு! வாயால ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்தா அது அவரைக் கேலி பண்ணின மாதிரி ஆயிராதா?”

“போய்ப் பேசுங்கண்ணே.”

அவர் போகவில்லை.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தோம். வாடின இலைகளையெல்லாம் உரக்குழியில் போட்டார்கள். வெட்டின கொண்டையும் காய்ந்துபோயிருந்தது. வியாகுலம் ஏணியைச் சாய்த்து மரத்தில் ஏறி, மேல் அடுக்கின் பக்கக் கிளையில் ஒரு சின்னத் துண்டை எடுத்துவந்தார். அதற்காவது கேட்டாரா? கேட்கவில்லை. கிணற்றுக்குப் பின்னால் ஒரு மண்தொட்டியில் ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து அதை நட்டுவைத்தார்.

“இது வேர் விட்டு நிமிர்ந்து நிக்கட்டும் செலின். அப்புறம் அவர் கையில கொண்டு கொடுத்து, கால்ல விழுந்து கேட்டுருதேன்.”

“இப்பவே போய்க் கேளுமே. செடி என்ன வாய் திறந்து உமக்குச் சிபாரிசா பண்ணப்போகுது?”

“உனக்குத் தெரியாது. ஏதாவது ஒண்ணைத் திருப்பிக் கொடுத்தாத்தான் எனக்கு அவர் முகத்தைப் பாக்க முடியும்.”

கிளை வேர் பிடித்தது. பங்குனியில் நுனியில் பச்சை கட்டியபோது வியாகுலத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பேரப்பிள்ளை பிறந்த மாதிரி ஒரு பூரிப்பு. ஆனால் அந்தக் கிளை மேலே போகவில்லை, பக்கவாட்டில் போனது. அவர் ஒரு குச்சி நட்டுக் கட்டினார். கட்டை அவிழ்த்தால் மறுபடியும் படுத்துக்கொண்டது. வெயிலைப் பார்த்து நிமிரும் என்று தொட்டியைத் திருப்பி வைத்தார். அப்போதும் படுத்துத்தான் வளர்ந்தது. 

இதற்கிடையில் இரண்டு பேரும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டார்கள். இவர் மோரை நீட்டுவார், அவர் வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஒரு நாள் கை கழுவும் இடத்தில் இஞ்ஞாசி, “வே, வியாகுலம்,” என்று ஆரம்பித்தார். எனக்குச் சட்டென்று சந்தோஷமாக இருந்தது. வியாகுலமோ, “மோட்டாரை ஆஃப் பண்ணணும், இந்தா வந்துட்டேன்,” என்று ஓடிவிட்டார். மோட்டார் ஓடவே இல்லை. இஞ்ஞாசி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

அம்மாவும் ஒரு தடவை கேட்டார்.

“எப்பண்ணே போறீங்க?”

“இன்னும் கொஞ்சம் நிமிரட்டும்மா.”

ஆடி மாதம் மகளின் பேறுகாலத்துக்காக வியாகுலம் திருநெல்வேலிக்குப் போனார். போகும்போது தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம்கூடக் கேட்கவில்லை. ரகசியமாக வளர்க்கிறாராம். அந்த வருஷம் ஆடிச் சாரலும் ஏமாற்றிவிட்டது. அவர் திரும்பி வந்தபோது தொட்டி காய்ந்து கிடக்கும் என்று பயந்துகொண்டே கிணற்றுக்குப் பின்னால் போனார். செடி முன்பைவிடச் செழிப்பாக இருந்தது. மண் ஈரமாக இருந்தது.

“நீயா தண்ணி ஊத்தின?” என்று என்னிடம் கேட்டார்.

“எனக்கு என் கறிவேப்பிலைக்கு ஊத்தவே நேரமில்லை.”

“அப்ப அம்மாவாத்தான் இருக்கும்,” என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் இஞ்ஞாசி போய்ச் சேர்ந்தார். சாப்பிட்டுவிட்டு, ரசம் நன்றாக இருந்தது என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போய்ப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. நான் கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். வியாகுலம் கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தக் கிளைக்குப் புதுக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. “இந்தா, இந்த ஒரு முடிச்சு,” என்றார்.

அடக்கத்தன்று எல்லாரும் ஒரு பிடி மண் போட்டோம். வியாகுலம் மண்ணை அள்ளினார், ஆனால் போட முடியவில்லை. அதைக் கையிலேயே பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்.

டிசம்பர் வந்தது. அம்மா வியாகுலத்தைக் கூப்பிட்டு, குடில் கட்டச் சொன்னார்.

“நான் மாட்டேம்மா. இலையைத் தொடவே எனக்குக் கை வரலை.”

“சரி.”

அவர் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து மாவிலைக்கு ஈர்க்கு குத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வியாகுலம் தொட்டியை அவர் முன்னால் வைத்தார். கிளை ஒரு பக்கமாகப் படுத்து, தொட்டிக்கு வெளியே கை நீட்டிக்கொண்டிருந்தது. குச்சிகளையெல்லாம் அவரே பிடுங்கிவிட்டிருந்தார்.

“இதைப் பிடுங்கிப் போட்டுரவாம்மா?”

“ஏன்?”

“இது நிமிரவே இல்லை. ஒரு வருஷமா பாத்தாச்சு. இது நிமிர்ந்திருந்தா நான் அவர்ட்ட போயிருப்பேன்.”

“இது நிமிராதுண்ணே. பக்கக் கிளையை நட்டா அது பக்கக் கிளையாவேதான் வளரும். மரமாகாது.”

வியாகுலம் அவரையே பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஆடி மாசமே தெரியும்.”

“தெரிஞ்சும் ஏம்மா எங்கிட்ட சொல்லலை? சொல்லியிருந்தா நான் இதை விட்டுட்டு அன்னைக்கே அவர்ட்ட ஓடியிருப்பேனே!”

அம்மா ஈர்க்கைக் கீழே வைத்தார். அவர் குரல் இறங்கியது.

“சொல்லியிருக்கணும். அந்த வருத்தம் எனக்கும் இருக்கு. சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட ஒருத்தர் கேட்டுக்கிட்டார். அவனா வரட்டும், நான் போனா இன்னும் கூசுவான்னார்.”

வியாகுலம் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தினார்.

“யாரு?”

“நீங்க மகள் வீட்டுக்குப் போயிருந்தப்ப, இதுக்குத் தினமும் தண்ணி ஊத்தினவர்.”

நான் கையிலிருந்த மாவிலையைக் கீழே போட்டுவிட்டேன். ஆடி மாதம் முழுக்க இஞ்ஞாசி சாயங்காலமானால் சொம்போடு கிணற்றுப் பக்கம் போவார். ஆபரேஷன் ஆன மனுஷன் எதற்குத் தண்ணீர் சுமக்கிறார் என்று நான் ஏசியிருக்கிறேன். சும்மா, கால் கழுவ என்பார். கால் கழுவ அவ்வளவு நேரமா என்று கேட்டால் சிரிப்பார்.

“அவருக்குத் தெரியுமா இது மரமாகாதுன்னு?” என்று வியாகுலம் கேட்டார்.

“அவர்தான் எனக்குச் சொன்னார்.”

“மரமாகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே, எதுக்கும்மா ஊத்தினாரு?”

அம்மா அந்தக் கிளையை மெல்லத் தொட்டார்.

“நானும் அதைத்தாண்ணே கேட்டேன். ‘எங்கிட்ட வந்து பேச அவனுக்கு இந்த ஒரு சாக்குதானே இருக்கு, அதுவும் கருகிடக் கூடாதுல்லா’ன்னார்.”